பீம், டிரிப்லெட், ரெஸ்ட்: நொட்டேஷன் மென்பொருளில் நோட்டுகளைச் சட்டென்று கொத்துப் பிரிப்பது எப்படி?

ஒரு பாரில் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள தாளச் சுற்று) ஆறு குவேவர் (எட்டில் ஒரு பங்கு நீள நோட்டு) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாகச் சேர்த்துப் பீம் போட்டால் வாசிப்பவர் அதை 6/8 என்று எடுத்துக்கொள்வார். இரண்டு இரண்டாகப் போட்டால் 3/4. ஸ்வரமும் மாறவில்லை, நீளமும் மாறவில்லை. நோட்டுகளின் காம்புகளைச் சேர்க்கும் அந்தத் தடித்த கோடு எங்கே அறுகிறது என்பது மட்டும்தான் மாறியது.

மற்றவர்கள் கணினியில் எழுதி அனுப்பும் ஸ்கோரை, வாசிப்பவர் கைக்குப் போகும் முன் சீர்செய்து கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் பாட்டுக் குழுவுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும். வருகிற கோப்புகளில் ஸ்வரப் பிழை குறைவு, ஏனென்றால் பிளேபேக் போட்டாலே அது காதில் விழுந்துவிடும். பிரிப்புப் பிழை அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஏழு குவேவரை 3+2+2 என்று பிரித்தாலும் 2+2+3 என்று பிரித்தாலும் கணினிக்கு எல்லாம் ஒன்றுதான், ஒரே மாதிரி வாசித்துக் காட்டும். பிறகு ரிஹர்சலில் நான்கு பேர் ஒரே பாரில் தடுக்கி நிற்பார்கள், ஏன் என்று யாருக்கும் புரியாது.

இதைச் சரிசெய்ய உட்காருகிறவர்கள் பொதுவாக ஒவ்வொரு பாராகப் போய், ஒவ்வொரு பீமாக உடைத்து ஒட்டுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். முதலில் டைம் சிக்னேச்சருக்குள் (6/8, 7/8 என்று தாளத்தைச் சொல்லும் குறி) விதியை மாற்றுவேன். அடுத்து, ஒரு பகுதியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்றுவேன். இரண்டுக்கும் அடங்காத நோட்டை மட்டும் கையால் தொடுவேன். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால், கையால் மாற்றிய இடங்கள் பிறகு எந்த விதிக்கும் கட்டுப்படாமல் அப்படியே நிற்கும். விதியை மாற்றும்போது பக்கத்து நோட்டுகள் நகரும், இவை நகராது.

கீழே மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளை வைத்துத்தான் அதிகம் சொல்கிறேன், இலவசம் என்பதால் அதுதான் எல்லோரிடமும் இருக்கிறது. சிபேலியஸ், டொரிக்கோ என்ற மற்ற இரண்டு மென்பொருள்களும் வேறுபடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் என்று நான் எழுதும் இடத்தில் மேக் வைத்திருப்பவர்கள் கமாண்டை அழுத்துங்கள்.

முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள்

மவுஸைத் தொடும் முன் அந்த வரியை ஒரு தடவை சொல்கட்டில் சொல்லுங்கள். ஏழு குவேவர் என்றால் "தகிட தக தக" என்று வருகிறதா, "தக தக தகிட" என்று வருகிறதா? வாய் தடுக்காமல் ஓடுகிற பிரிப்புதான் காகிதத்தில் வர வேண்டியது. மென்பொருள் 7/8ஐப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு பிரிப்பைப் போட்டுவிடும். அது உங்கள் மெட்டுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சில பாட்டுகளில் நடுவே பிரிப்பு மாறும். பல்லவி 3+2+2, இடையிசை 2+2+3 என்று இருக்கலாம். அப்படி மாறும் பார் எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டைம் சிக்னேச்சர் வெளியில் அதே 7/8தான், ஆனால் அந்தந்த இடத்தில் இன்னொரு 7/8ஐப் போட்டு அதற்குள் வேறு பிரிப்பைச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவதாகப் போட்டதை மறைத்துவிடலாம்.

டைம் சிக்னேச்சருக்குள் விதியை எழுதுவது

மியூஸ்ஸ்கோரில் ஸ்கோரில் இருக்கும் டைம் சிக்னேச்சர் மீது வலது கிளிக் செய்து அதன் பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். அதில் ஒரு பார் முழுக்கக் குவேவர்கள் பீம் போட்டபடி இருக்கும், அதன் கீழே செமிகுவேவர் (குவேவரில் பாதி நீளம்), அதன் கீழே இன்னும் சிறிய நோட்டு. பீம் எங்கே அறுந்து புதிதாகத் தொடங்க வேண்டுமோ அந்த நோட்டைக் கிளிக் செய்யுங்கள். அதற்கு இடது பக்கம் பீம் உடையும். மறுபடி கிளிக் செய்தால் ஒட்டிக்கொள்ளும். 3+2+2 வேண்டுமானால் நான்காவது நோட்டும் ஆறாவது நோட்டும். அவ்வளவுதான்.

செமிகுவேவர் வரிசையை மறந்துவிடாதீர்கள். குவேவர் வரிசையை மட்டும் மாற்றிவிட்டு ஓகே அழுத்தினால், குவேவர் வரும் பார்கள் ஒழுங்காக இருக்கும், ஓடுகிற செமிகுவேவர் வரும் பார்கள் பழையபடி நிற்கும். மாற்றியதும் மற்ற ஸ்டாஃப்களையும் (ஐந்து கோட்டு வரிகள்) ஒரு பார்வை பாருங்கள். எல்லா ஸ்டாஃபும் ஒரே பிரிப்பில் இருக்கிறதா என்று கண்ணால் உறுதி செய்துகொண்டு மேலே போவது நல்லது.

சிபேலியஸில் டைம் சிக்னேச்சர் பெட்டிக்குள்ளேயே பீம் அண்ட் ரெஸ்ட் குரூப்ஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. அதில் எண்களைக் கமா போட்டு எழுதினால் போதும்: 3,2,2. பெயரிலேயே ரெஸ்ட் இருப்பதைக் கவனியுங்கள், ரெஸ்டுகளும் (மௌனக் குறிகள்) இதே கணக்கில்தான் பிரியும். ஏற்கெனவே எழுதிய நோட்டுகள் அசையவில்லை என்றால் அவற்றைத் தேர்ந்தெடுத்து, அப்பியரன்ஸ் டேபில் ரீசெட் நோட்ஸ் பகுதியில் உள்ள பீம் குரூப்ஸைக் கொடுங்கள்.

டொரிக்கோதான் இதில் எனக்குப் பிடித்தது. ஷிப்ட்டும் எம்மும் அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் [3+2+2]/8 என்று சதுர அடைப்புக்குள் தட்டினால் பக்கத்தில் 7/8 என்றுதான் தெரியும், பிரிப்பு மட்டும் உள்ளே பதிந்துவிடும். அடைப்பை எடுத்துவிட்டு 3+2+2/8 என்று தட்டினால் அந்தக் கூட்டல் கணக்கே பக்கத்தில் அச்சாகும். பிரிப்பு அடிக்கடி மாறும் இசைக்கு இரண்டாவது வழி. வாசிப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

பீமைவிடப் பெரிய தொல்லை: நடு பீட்டு மறைவது

பிரிப்பு என்றாலே பீம் என்று நினைக்கிறோம். உண்மையில் வாசிப்பவரை அதிகம் தடுக்க வைப்பது டையும் (இரண்டு நோட்டை ஒரே ஒலியாக இணைக்கும் வளைகோடு) ரெஸ்டும்தான். இந்த ஒரு பாரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

4/4. முதலில் புள்ளி வைத்த கிராட்செட் (கிராட்செட் இரண்டு குவேவர் நீளம், புள்ளி வைத்தால் மூன்று), அடுத்து இன்னொரு புள்ளி வைத்த கிராட்செட், கடைசியில் ஒரு சாதாரண கிராட்செட். குவேவர் கணக்கில் 3+3+2. கூட்டினால் எட்டு, பார் நிறைந்தது. மென்பொருளுக்குக் குறை இல்லை. ஆனால் இரண்டாவது நோட்டு நான்காவது குவேவரில் தொடங்கி ஆறாவது வரை நீள்கிறது. பாரின் நடு, அதாவது மூன்றாவது பீட்டு, ஐந்தாவது குவேவரில் விழ வேண்டும். அது இந்த நோட்டின் வயிற்றுக்குள் புதைந்துவிட்டது. வாசிப்பவர் கண் தேடுவது அந்த நடுவைத்தான். அதைக் காட்ட வேண்டுமானால் இரண்டாவது நோட்டை ஒரு குவேவராகவும் ஒரு கிராட்செட்டாகவும் பிளந்து டை போட வேண்டும். அப்போது பார் 3+1+2+2 ஆகும், மூன்றாவது பீட்டில் ஒரு நோட்டுத் தலை கண்ணுக்குத் தெரியும்.

மியூஸ்ஸ்கோரில் இதைக் கையால் செய்யத் தேவையில்லை. அந்தப் பார்களைத் தேர்ந்தெடுத்து டூல்ஸ் மெனுவில் ரீகுரூப் ரிதம்ஸ் கொடுத்தால் டைகளையும் ரெஸ்டுகளையும் பீட்டுக் கணக்குக்கு மாற்றி எழுதும். ஸ்கோர் முழுவதற்கும் ஒரே தடவையில் இதைக் கொடுக்காதீர்கள். நான் எட்டு, பத்துப் பார்களாகத்தான் ஓடவிடுவேன், டிரிப்லெட் (இரண்டு நோட்டின் இடத்தில் மூன்று) இருக்கும் பார்களைத் தொடமாட்டேன், ஒவ்வொரு தடவையும் என்ன மாறியது என்று பார்ப்பேன். பிடிக்கவில்லை என்றால் கன்ட்ரோல் இசட்.

டொரிக்கோவில் தலைகீழ் நிலைமை. அது நோட்டின் நீளத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, எழுதும் விதத்தை டைம் சிக்னேச்சரைப் பார்த்துத் தானாகவே முடிவு செய்யும். அது பிளக்க வேண்டாம், நான் சொன்னபடியே எழுது என்று சொல்வதற்குத்தான் ஃபோர்ஸ் டியூரேஷன் இருக்கிறது. ஓ எழுத்தை அழுத்திவிட்டு நோட்டைப் போடுங்கள்.

சரி, எப்போதும் நடுவைக் காட்டியே ஆக வேண்டுமா? என் கணக்கு இப்படி. பாட்டு முழுக்க அந்த 3+3+2 தான் ஓடுகிறது என்றால் புள்ளி வைத்த நோட்டாகவே விட்டுவிடுவேன். இரண்டு பார் கடப்பதற்குள் வாசிப்பவர் அந்த உருவத்தைப் பிடித்துக்கொள்வார், பிறகு டைகள்தான் அவருக்கு இடைஞ்சல். எப்போதாவது ஒரு பாரில் மட்டும் திடீரென்று வருகிறது என்றால் கட்டாயம் பிளப்பேன்.

ரெஸ்டுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம், மரபு தெளிவாகவே இருக்கிறது. 4/4இல் மினிம் ரெஸ்ட் (இரண்டு கிராட்செட் நீள மௌனம்) முதல் பீட்டிலோ மூன்றாவது பீட்டிலோதான் தொடங்கலாம், இரண்டாவதில் கூடாது. 3/4இல் இரண்டு பீட்டு மௌனம் என்றால் இரண்டு கிராட்செட் ரெஸ்ட், ஒரு மினிம் ரெஸ்ட் அல்ல. 6/8இல் பீட்டின் தொடக்கத்தில் ஒரு குவேவர் மட்டும் ஒலித்து மீதி மௌனம் என்றால் இரண்டு குவேவர் ரெஸ்டுகளைத் தனித்தனியாகப் போடுங்கள்.

டிரிப்லெட்டும் அதன் உறவினர்களும்

இங்கேதான் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் குழம்புவார்கள். மியூஸ்ஸ்கோர் உங்களிடம் மொத்த நீளத்தைக் கேட்கிறது. மூன்று குவேவர் கொண்ட டிரிப்லெட் ஒரு கிராட்செட்டின் இடத்தில் வருகிறது அல்லவா, அதனால் கிராட்செட்டுக்கு 5 அழுத்திவிட்டு கன்ட்ரோல் 3. உடனே மூன்று குவேவருக்கான இடம் தயாராகும். சிபேலியஸ் பகுதியைக் கேட்கிறது. முதல் குவேவரைப் போட்டுவிட்டு அதன்மேல் கன்ட்ரோல் 3. குறுக்கு விசை ஒன்றேதான், சொல்ல வேண்டிய நீளம் வேறு. பழக்கதோஷத்தில் மியூஸ்ஸ்கோரில் குவேவர் மீது கன்ட்ரோல் 3 அழுத்தினால் செமிகுவேவர் டிரிப்லெட் வந்து நிற்கும். டொரிக்கோவில் அரைப்புள்ளி விசையைத் தட்டி, வரும் பெட்டியில் 3:2 என்று எழுதுங்கள். 5:4, 7:4 எல்லாம் அதே வழிதான். மியூஸ்ஸ்கோரில் ஐந்துக்கு கன்ட்ரோல் 5, இப்படி 9 வரை போகலாம். அதற்கு மேல் ஆட் மெனுவில் டியூப்லெட்ஸ், அதர்.

ஏற்கெனவே சாதாரணமாக எழுதிய மூன்று நோட்டை டிரிப்லெட்டாக மாற்றுவது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். மாற்றுவதற்குப் போராடாதீர்கள். ஒரு பாரில் சரியான டிரிப்லெட் உருவத்தை ஒரே ஸ்வரத்தில் எழுதுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து ஆர் அழுத்தினால் அடுத்து அடுத்து நகல் விழும், தேவையான பார்கள் வரை அழுத்துங்கள். பிறகு மேலே போய் ஸ்வரங்களை மட்டும் மாற்றுங்கள். மியூஸ்ஸ்கோரில் ரீ-பிட்ச் முறைக்கு கன்ட்ரோல், ஷிப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். தாளம் உறைந்து நிற்கும், நீங்கள் ஸ்வர எழுத்துகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகலாம். டொரிக்கோவில் எல் எழுத்து இதே வேலையைச் செய்யும். சிபேலியஸில் ரீ-இன்புட் பிட்சஸ். டிரிப்லெட்டுக்கு மட்டும் இல்லை, நான் எழுதும் எல்லாவற்றுக்குமே இதுதான் என் முறை: முதலில் தாளம் முழுவதும், அப்புறம் பிரிப்பு, அப்புறம்தான் ஸ்வரம். பிரிப்பைச் சரிசெய்த பாரை நகல் எடுத்தால் அந்தப் பிரிப்பும் கூடவே வருகிறது. ஒரு தடவை செய்த வேலையை முப்பது தடவை செய்ய வேண்டியதில்லை.

பாட்டு முழுக்க டிரிப்லெட்டாகவே ஓடினால் 3 என்ற எண் ஒவ்வொரு பீட்டின் தலையிலும் உட்கார்ந்து கண்ணை உறுத்தும். முதல் இரண்டு பாரில் எண்ணை விட்டுவிட்டு மீதியை மறைப்பது வழக்கம். ஓர் எண்ணின் மீது வலது கிளிக் செய்து செலக்ட் மெனுவில் மோர் திறந்து, எந்த எல்லைக்குள் என்று சொல்லித் தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றையும் ஒரே அடியாகப் பிராப்பர்ட்டீஸில் மறைத்துவிடலாம். நடுவில் சாதாரணக் குவேவர்கள் வந்துவிட்டு மறுபடி டிரிப்லெட் தொடங்கும் இடத்தில் எண் திரும்ப வர வேண்டும், அதை மறைக்காதீர்கள். ஆனால் நான்கு பீட்டில் மூன்று பீட்டு எப்போதும் டிரிப்லெட் என்றால் பிரச்சினை எண்ணில் இல்லை. டைம் சிக்னேச்சரே தவறு, 12/8க்கு மாற்றுங்கள்.

கடைசியாகக் கை வைக்கும் இடங்கள்

விதி எழுதியாகிவிட்டது, பகுதி பகுதியாகவும் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருப்பவை விதிவிலக்குகள். மியூஸ்ஸ்கோரின் பீம் பேலட்டில் சில சின்னங்கள்தான் உள்ளன. நோட்டைத் தேர்ந்தெடுத்துச் சின்னத்தைக் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. இடது பக்கம் உடைப்பது, சேர்ப்பது, பீமே வேண்டாம் என்பது, தானியங்கி. இவை பார்த்தாலே புரியும். பலருக்கும் தெரியாமல் கிடப்பது உள் பீமை மட்டும் உடைப்பது. ஒரே பீட்டில் எட்டு டெமிசெமிகுவேவர் (செமிகுவேவரில் பாதி நீளம்) வந்தால் மூன்று கோடும் முழு நீளத்துக்கு ஓடி, கம்பி வேலி மாதிரி நிற்கும், எண்ணவே முடியாது. ஐந்தாவது நோட்டைத் தேர்ந்தெடுத்து உள் பீமை உடையுங்கள். வெளிக்கோடு ஒன்று மட்டும் எட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், உள்ளே நான்கு நான்காகப் பிரிந்துவிடும்.

ரெஸ்டின் மேலேயும் பீமை ஓட்டலாம். ரெஸ்டைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பு கொடுங்கள். இடைவெளி விட்டு விட்டு ஒலிக்கும் செமிகுவேவர்களுக்கு இது பெரிய உதவி, பீட்டின் எல்லை பளிச்சென்று தெரியும்.

ஒரு நாளைக்குப் பல தடவை இந்தச் சின்னங்களைத் தேடிப் போகிறீர்கள் என்றால் விசை ஒதுக்கிவிடுங்கள். பிரிஃபரன்ஸஸில் ஷார்ட்கட்ஸ் பக்கம் போய், தேடும் பெட்டியில் பீம் என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் எல்லாக் கட்டளைகளும் வரும். உடைப்பது, சேர்ப்பது, தானியங்கி மூன்றுக்கும் இடது கைக்கு எட்டும் விசைகளாகக் கொடுங்கள், வலது கை மவுஸில் நோட்டைத் தேர்ந்தெடுத்தபடியே இருக்கட்டும். சிபேலியஸில் கீபேடிலேயே பீமுக்கென்று ஒரு பக்கம் உண்டு.

பாட்டு வரிகளுக்கு ஒரு சொல். பழைய அச்சுப் பிரதிகளில் ஓர் அசைக்கு ஒரு நோட்டு என்றால் பீம் போடாமல் ஒவ்வொரு குவேவரையும் கொடியோடு தனியாக விடுவார்கள். ஒரே அசை பல நோட்டுகளில் நீண்டால் மட்டும் பீம். இப்போது பாட்டுக்கும் வாத்தியத்தைப் போலவே பீட்டுக் கணக்கில் பீம் போட்டு, அசை நீளும் இடத்தை ஸ்லர் (நோட்டுகளைச் சேர்த்துக் காட்டும் வளைகோடு) போட்டுக் காட்டுவது பரவலாகிவிட்டது. நானும் அதன் பக்கம்தான். பழைய முறையில் வந்த ஸ்டாஃபை முழுவதும் தேர்ந்தெடுத்துத் தானியங்கி கொடுத்தால் ஒரு நொடி வேலை. ஆனால் அதற்கு முன் ஸ்லர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் பீமை மாற்றினால் எந்த அசை எதுவரை நீள்கிறது என்பதற்கு இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்பு

2024 ஆகஸ்டில் ஃபினாலே என்ற நொட்டேஷன் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்த பிறகு, அதிலிருந்து மியூசிக் எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கு இடையே ஸ்கோரைக் கொண்டுசெல்லும் கோப்பு வடிவம்) வழியாக வெளியே வரும் கோப்புகள் நிறையவே என் மேஜைக்கு வருகின்றன. இந்த வடிவம் ஒவ்வொரு நோட்டுக்கும் பீம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எழுதி வைக்கும். அதனால் திறந்ததும் பார்க்க அசல் மாதிரியே இருக்கும், ஆனால் பல பீம்கள் கையால் போட்டது போல உறைந்திருக்கும். டைம் சிக்னேச்சரில் விதியை மாற்றிப் பாருங்கள். ஒன்றும் நகராவிட்டால் இதுதான் காரணம்.

முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில் கன்ட்ரோல் ஏ போட்டு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பீமைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். பிறகு டைம் சிக்னேச்சர்களில் பிரிப்பை எழுதுங்கள். இப்போது அசலின் பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், மாறிப் போன இடங்கள் இரண்டு வகையாக இருக்கும். சில, அசலில் எழுதியவர் வேண்டுமென்றே செய்தவை, ஒரு ஃபிரேஸைக் காட்டுவதற்காக பீட்டைத் தாண்டிப் பீம் போட்டிருப்பார். அவற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மற்றவை எப்போதோ தெரியாமல் உடைந்து கிடந்தவை. அவை போனால் போகட்டும். எது எந்த வகை என்று தெரியாதபோது அதே உருவம் மற்ற வாத்தியங்களில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். எல்லா ஸ்டாஃபிலும் அப்படியே இருந்தால் அது வேண்டுமென்றே செய்தது.

சாய்வு, இடைவெளி போன்ற அழகு வேலைகளை இதெல்லாம் முடியும் வரை தொடாதீர்கள். பிரிப்பு மாறினால் பீமின் சாய்வும் மாறும், செய்தது எல்லாம் வீண். இடையில் யாராவது கை வைத்து நகர்த்தியிருந்தால் கன்ட்ரோல் ஆர் கொடுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். அது இடத்தை மட்டும்தான் மீட்கும், பிரிப்பைத் தொடாது.

சரிபார்க்கும்போது ஒலியை அணைத்துவிட்டு, பக்கம் முழுவதும் திரையில் தெரியும் அளவுக்குச் சுருக்கி, பீட்டுத் தட்டிக்கொண்டே கண்ணால் ஓட்டுங்கள். வாய் தடுக்கும் பாரில் நின்று பாருங்கள். ஸ்கோர் முடிந்ததும் ஒவ்வொரு பார்ட்டையும் தனியாகத் திறங்கள். ஸ்கோரில் கீழ் வாத்தியத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம், வயோலாக்காரர் கையில் இருக்கும் தாளில் அவருடைய வரி மட்டும்தான் இருக்கும்.

வேலை முடிந்ததும் நீங்கள் உருவாக்கிய 7/8 போன்றவற்றை டைம் சிக்னேச்சர் பேலட்டில் சேர்த்து வைத்துவிடுங்கள். கன்ட்ரோலும் ஷிப்ட்டும் பிடித்தபடி ஸ்கோரிலிருந்து பேலட்டுக்கு இழுத்தால் போதும். பெயரில் 3+2+2 என்று போட்டு வையுங்கள், வெறும் 7/8 என்று இருந்தால் எது எது என்று அடுத்த தடவை தெரியாது.